ஸ்பீக்கரைத் திருப்பியது யாருக்காக

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் புனிதாவுக்கு அம்மா எழுதுவது. நீ டப்ளினில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன், மீதியைப் படித்து நீயே தெரிந்துகொள். வீரம்மா பெரியம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் பாசாருக்குக் காய்கறி வாங்க நடந்துதான் போகிறாள். இங்கே தினமும் சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது, துணி காய்வதில்லை.

போன வாரம் நீ போனில் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது. "அப்பா உங்களுக்காக ஸ்பீக்கரையே திருப்பி வச்சிட்டாரும்மா, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு, வீட்டுக்குப் போங்க லா" என்று சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. போனில் நான் சொன்னால் நடுவில் எனக்கு அழுகை வரும், நீ அழாதீங்கம்மா, அழாதீங்கம்மா என்பாய், கடைசியில் நான் அழுதது மட்டும்தான் உன் நினைவில் நிற்கும். அதனால் எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விட்டு நான் இங்கே வீரம்மா அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது, ஏன் வந்தேன் என்று நீ உன் அப்பாவிடம் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நீ இங்கே இருந்தபோது ஹாலில் இருந்தவை சின்ன ஸ்பீக்கர்கள், டிவிக்குப் பக்கத்தில் பூச்சாடி மாதிரி உட்கார்ந்திருக்கும். நீ போனபிறகு உன் அப்பா நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், ஒரு ஆள் நெஞ்சுயரத்துக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் வந்தன. மனிதருக்குத் தெரிந்தது அளப்பதுதான், காடு மேடு எல்லாம் அளந்து முடித்தவர் வீட்டை அளக்க ஆரம்பித்தார். ஹாலுக்கு நடுவில் ஒரு நாற்காலி, அதில் அவர் மட்டும். இரண்டு ஸ்பீக்கரும் சுவரோடு நேராக நிற்காமல் அந்த நாற்காலியைப் பார்த்து உள்பக்கமாகத் திரும்பி நிற்கும், இரண்டு பேர் முகத்தைத் திருப்பி ஒரே ஆளிடம் பேசுவதுபோல. டோ-இன் என்பார் அதற்கு. சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு கருவியை ஸ்பீக்கர் தலையில் வைத்து, அந்தப் புள்ளி நாற்காலியில் தன் காது இருக்கும் இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார். நான் காப்பியோடு குறுக்கே வந்தால் புள்ளி என் மேல் விழும், "நவுரு, நவுரு" என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பாடுகிறவர் எதிரே நடுவில் வந்து நிற்பது போலவே இருக்குமாம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அவர் கலைந்துபோய்விடுவாராம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அப்போது எனக்கு இரண்டு காது இருந்தது, அடுப்படியில் நின்றே கேட்டுக்கொள்வேன்.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த கொஞ்ச நாளில் ஒரு காலை எழுந்தேன், இடது காது பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது, உள்ளே கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு சத்தம். உனக்குத் தெரியும், நான் பங்சார் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். யார் கூப்பிட்டாலும் இரண்டாவது வார்த்தையில் யாரென்று சொல்லிவிடுவேன், உன் ஸ்கூல் பஸ் திரும்புகிற சத்தத்தை மாடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். "குளிக்கும்போது தண்ணி போயிருக்கும், தானா சரியாயிடும்" என்றார். கிளினிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பாட்டுக் கேட்கிற கூட்டாளிகள் வருவதாக இருந்தது. "அவங்க வந்து போகட்டும் லா, காது எங்க ஓடியா போகப்போகுது" என்றார். ஆமாம், ஓடித்தான் போனது. அவர்களுக்கு மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டி, உளுந்து வடை சுட்டு, ஒரு காதில் கெட்டில் கொதிக்க டீ ஊற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவருக்கு ஒரு கேபிள் வாங்கப் போக வேண்டியிருந்தது, அப்புறம் காருக்கு டயர். கடைசியில் நான் தனியாக ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த மலாய்க்காரப் பெண் டாக்டர் உன் வயதுதான் இருப்பாள். கையைப் பிடித்துக்கொண்டு மலாயிலேயே, "ஆன்டி, காது திடீர்னு அடைச்சா உடனே வரணும், ஆரம்பத்துல மருந்து குடுத்தா கொஞ்சமாவது மீட்க வாய்ப்பு உண்டு, இப்ப நரம்பு போயிடுச்சு" என்றாள். மெஷின் வைத்தாலும் அந்தக் காதுக்குப் பெரிய பிரயோசனம் இல்லையாம். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "வீட்டுல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க, உங்க வலது பக்கமா வந்து பேசணும், ரோட்டுல நடக்கும்போது கவனமா இருக்கணும், சத்தம் எந்தப் பக்கத்திலேருந்து வருதுன்னு இனிமே தெரியாது" என்றாள். இதை எல்லாம் மனசில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்து கதவைத் திறந்தேன். உன் அப்பா நாற்காலியில் கண்ணை மூடியபடி இருந்தார். ஏங்க என்றேன். கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் தூக்கினார், பாட்டு முடியட்டும் என்று. செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தேன். பாட்டு முடிந்தது, அவர் எழுந்து அடுத்ததைப் போட்டார்.

உன்னிடமும் சொன்னேன், நினைவிருக்கிறதா? "ஐயோ அம்மா, இன்னொரு காது நல்லா இருக்குல்ல" என்றாய். ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு கம்பளிச் சால்வை பார்சலில் வந்தது. நல்ல சால்வைதான். கோலாலம்பூரில் அதை எங்கே போட்டுக்கொள்வது?

அதன்பிறகு வீட்டில் டிவி கேட்பதுகூடப் பெரும்பாடாகிவிட்டது. டிவியின் சொந்தச் சத்தத்தை அவர் எப்போதோ நிறுத்தியாயிற்று, எல்லாம் அந்த ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். நான் உட்காருவது பால்கனிக் கதவோரம், ஹாலின் இடது ஓரம். என் நல்ல காது ஹாலைப் பார்த்துத்தான் இருக்கிறது, ஆனால் இடது ஸ்பீக்கர் எனக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி நாற்காலிப் பக்கம் திரும்பி நிற்கும். மேளம் கேட்கும், பேச்சு கேட்காது. எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல. தமிழ் நாடகத்தைக் கீழே ஓடுகிற மலாய் எழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டேன், புனிதா, என் தாய்மொழியை. ஒரு நாள் கேட்டேன், அந்த இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளியே திருப்பி வையுங்கள், நேராக வைத்தாலே போதும், எனக்கும் வார்த்தை கேட்கும் என்று. அவர் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றை மட்டும் திருப்பினால் நடு போய்விடும், இரண்டையும் திருப்பினால் குரல் தண்ணீராகிவிடும், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் என்று கோடு போட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கோடெல்லாம் புரிந்தது. அந்தப் படத்தில் நாற்காலி இருந்தது, சுவர் இருந்தது, பால்கனிக் கதவு இருந்தது. நான் இல்லை.

அப்புறம் தானாகவே ஒரு சண்டை ஆரம்பித்தது. ஸ்பீக்கர் அடியில் தரையில் நீல டேப் ஒட்டி இடம் குறித்து வைத்தார். நான் வீடு கூட்டித் துடைக்கிறபோது ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்தினால்தான் அடியில் தூசி போகும். நகர்த்துகிறவள் திரும்ப வைக்கும்போது என் பக்கமாக ஒரு விரல் அளவு திருப்பி வைத்தேன். அன்று மட்டும் செய்தி வாசிக்கிறவள் பேசியது எனக்குப் புரிந்தது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தார், முதல் பாட்டிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். டேப்பைப் பார்த்துச் சரி செய்தார். மறுபடி நான் திருப்பினேன், மறுபடி அவர். கடைசியில் அவர் பேசினார். கோபத்தில்கூட இல்லை, நிதானமாக, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "குமுதா, உனக்கு ஒரு காதுதான் இருக்கு. ஒரு காதுக்கு ஸ்டீரியோவே கிடையாது. நீ எங்க உட்காந்தா என்ன, எது எந்தப் பக்கம் திரும்பினா என்ன, உனக்கு எல்லாம் ஒண்ணுதான் லா. எனக்கு இருக்கறதை ஏன் கெடுக்கற?" என்றார். நான் துடைப்பத்தை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அன்றோடு ஸ்பீக்கரைத் தொடுவதை விட்டேன், அடியில் தூசி சேர்ந்தது, அதையும் அவர் பார்க்கவில்லை.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா எனக்காக ஸ்பீக்கரைத் திருப்பினார் என்று சொன்னாயே, அது எப்படித் திரும்பியது தெரியுமா? ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டாளிகள் வந்தார்கள், புதிதாக ஒருவர் கூட வந்தார், கார்த்திகேசு என்று பெயர், பங்சாரில் இருக்கிறாராம், பெரிய பெரிய வீடுகளுக்கு இந்த சிஸ்டமெல்லாம் அமைத்துக் கொடுப்பவராம். உன் அப்பா அவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் கைகட்டி நின்றார். நான் டீத் தட்டை வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த மனிதர் ஒரு பாட்டுக் கேட்டார், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினார். "அண்ணே, ரொம்ப உள்ள திருப்பிட்டீங்க. மேல் சத்தம் காதைக் குத்துது. இந்த மாடல் ஸ்பீக்கரை நேரா விடணும் லா. நடுவுல ஒக்கார்ற ஒரு ஆளுக்கு மட்டுமா பாட்டு? வீட்டுல அண்ணியும் கேக்க வேணாமா?" என்று சிரித்தபடி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அவர் பேப்பர் எடுக்கவில்லை, கோடு போடவில்லை, சுவர் என்று சொல்லவில்லை. "கரெக்ட் பாஸ், எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். முட்டி வலி என்று கீழே விழுந்த பேனாவை எடுக்க என்னைக் கூப்பிடுகிற மனிதர், தரையில் மண்டியிட்டு அந்த நீல டேப்பை நகத்தால் உரித்தார். இரண்டு ஸ்பீக்கரையும் நேராகத் திருப்பி வைத்தார். மறுபடி அதே பாட்டைப் போட்டார்கள்.

எனக்குக் கேட்டது, புனிதா. ஒரு வருஷத்துக்குப் பிறகு, அந்த ஓரத்தில் உட்கார்ந்தபடியே, பாடுகிற பெண் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அடுத்த நிமிஷம் தரையில் உரித்துப் போட்ட அந்த நீல டேப் கண்ணில் பட்டது. முடியாத காரியமாக இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். நடு போய்விடும், குரல் தண்ணீராகிவிடும் என்பதெல்லாம் உண்மையாக இருந்திருந்தால், சரி, அவருக்கு இருக்கிற ஒரு சந்தோஷம் என்று விட்டிருப்பேன். இது டேப்பை உரிக்கிற நேரத்துக் காரியம். யாரோ ஒருவர், முதல் தடவை வீட்டுக்குள் வந்தவர், என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காதவர், வேடிக்கைக்குச் சொன்னதும் நடந்துவிட்டது. வந்தவர் சொன்னால் அது ஞானம், நான் சொன்னால் அது காது போனவள் தொல்லை. அவர்கள் போனபிறகு உன் அப்பா என்னிடம் வந்து, "பாத்தியா, இப்ப உனக்கும் நல்லா கேக்குதுல்ல" என்றார். தானே கொடுத்த மாதிரி. நான் தலையை ஆட்டினேன். மறுநாள் காலை இரண்டு சேலைகளையும் மருந்தையும் பையில் எடுத்துக்கொண்டு சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி இங்கே வந்துவிட்டேன். வீரம்மா அக்கா ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டாள். இடது காது போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றுவரை அங்கேதான் உட்காருகிறாள்.

இதைத்தான் எனக்காகத் திருப்பினார் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, அவர் அப்படித்தான் நம்புகிறார், அதுதான் பொய்யைவிட எனக்குக் கசக்கிறது. நீயும் அதை நம்பினாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இருக்கிறது. அப்பாவுடன் அந்த ஸ்பீக்கரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறாய், அங்கிருந்து அதற்கு என்னவோ பெட்டி வாங்கி அனுப்புகிறாய். என் எந்தக் காது போனது என்று நீ இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் அப்பா இங்கே வந்தார். உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். சலவைச் சட்டை, கையில் ஆரஞ்சுப் பழம், விருந்தாளி மாதிரி வாசலில் நின்றார். முகம் வாடித்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீரம்மா அக்கா காப்பி போட உள்ளே போனாள். சோபாவில் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், அவர் வந்து என் இடது பக்கத்தில் உட்கார்ந்தார். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நிறைய நேரம் பேசினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. ஏதோ முனகல் மாதிரி வந்தது, வார்த்தை ஒன்றுகூட வந்து சேரவில்லை. தலையைத் திருப்பியிருந்தால் கேட்டிருக்கும். நான் திருப்பவில்லை. எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் நான்தான் நகர்ந்தேன், நவுரு நவுரு என்றபோதெல்லாம் நகர்ந்தேன். அவர் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "என்ன குமுதா, ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றார். அது மட்டும் கேட்டது. "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். "எது கேக்கல?" என்றார். "நீங்க பேசினது எதுவுமே" என்றேன். என் காதைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தார். முகம் கறுத்துப் போனது. மறுபடி சொல்வார் என்று காத்திருந்தேன், உண்மையாகவே காத்திருந்தேன். அவர் எழுந்து, "ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் வீரம்மா அக்கா அடுப்படியிலிருந்து வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவோரம் காப்பியோடு நின்றிருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "அவரு சொன்னதை நான் சொல்லட்டுமா குமுதா?" என்றாள். வேண்டாம் அக்கா என்றேன். சொல்ல வேண்டியவர் என் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்து சொல்லட்டும். வருவாரா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் நான் இங்கேயே இருப்பேன்.

நீ இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் போன் பண்ணி, வலது பக்கமாகப் போய் உட்காருங்கள் என்று சொல்லிக் கொடுக்காதே. அது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

குளிருக்கு ஒழுங்காகச் சாப்பிடு, வேலை வேலை என்று மத்தியானச் சோற்றைத் தள்ளாதே. ஒரு நாள் காலையில் எழுந்து உனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தால் அன்றே டாக்டரிடம் ஓடு, யாருடைய விருந்தும் முடியும் வரை காத்திருக்காதே, கட்டிக்கொள்கிறவன் சொன்னாலும் காத்திருக்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் இரண்டு காதும் கடைசி வரை உனக்கு நிலைக்க வேண்டும், அம்மன் துணையிருப்பாள்.

போன் பண்ணினால் வீரம்மா பெரியம்மா நம்பருக்குப் பண்ணு, மெதுவாகப் பேசு, கத்தாதே, கத்தினால் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா
குமுதா